உப்புத்தாளிலிருந்து ஒட்டுநாடா வரை: 3எம் நிறுவனத்தின் வரலாறு

மரக்காணம் உப்பளங்களுக்கு அருகில் உள்ள எங்கள் பெருமுக்கல் பகுதியில் உப்பு என்றால் பாத்தியில் விளைவது. ஆனால் தச்சுப் பட்டறையிலும் பெயின்ட் வேலை நடக்கும் வீட்டிலும் வேறோர் உப்பு உண்டு. அது உப்புத்தாள். மரத்தையும் சுவரையும் தேய்த்து மழமழப்பாக்கும் சொரசொரப்பான தாளுக்குத் தமிழ்நாட்டில் வழங்கும் பெயர் அதுதான். அதில் உப்பு சிறிதும் கிடையாது. தாளில் பசை தடவி அதன்மேல் கடினமான கல்லின் பொடியைத் தூவியிருப்பார்கள். பார்வைக்கு உப்புப் பரல் போல இருப்பதால் இந்தப் பெயர் வந்திருக்கலாம்.

முதலில் ஒரு மலையைத் தோண்டி ஏமாந்து, பிறகு இந்த உப்புத்தாளை விற்று உயிர் பிழைத்த ஒரு சிறிய அமெரிக்கக் கம்பெனிதான், பின்னர் உலகம் முழுவதும் ஒட்டுநாடா விற்கும் பெருநிறுவனமாயிற்று. அதன் பெயர் 3எம். 'மினசோட்டா மைனிங் அண்ட் மேனுஃபேக்சரிங்' என்ற பெயரில் 'எம்' என்ற எழுத்து மூன்று முறை வருவதால் அப்படி அழைக்கப்பட்டது. 2002-ஆம் ஆண்டு அந்தச் சுருக்கமே அதிகாரப்பூர்வப் பெயராகிவிட்டது. 'மைனிங்' என்றால் சுரங்கத் தொழில். டேப் விற்கும் கம்பெனியின் பெயரில் சுரங்கம் எப்படி வந்தது என்பதிலிருந்தே கதையைத் தொடங்க வேண்டும்.

குருந்தம் தேடிய ஐவர்

அமெரிக்காவின் வடக்கில் மினசோட்டா மாநிலம், சுப்பீரியர் ஏரிக்கரையில் டூ ஹார்பர்ஸ் என்ற சிற்றூர். 1902-ஆம் ஆண்டு அங்கே ஐந்து பேர் கூட்டுச் சேர்ந்தார்கள். ஒருவர் வழக்கறிஞர், ஒருவர் மருத்துவர், ஒருவர் இறைச்சிக் கடைக்காரர், இருவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள். கல்லைப் பற்றி முறையாகப் படித்தவர் எவரும் இல்லை. ஏரிக்கரையில் கிரிஸ்டல் பே என்ற இடத்தில் குருந்தக்கல் கிடைக்கிறது என்று நம்பி, வழக்கறிஞர் ஜான் ட்வானின் அலுவலகத்தில் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

குருந்தம் என்பது அலுமினியம் ஆக்சைடு கனிமம். மாணிக்கமும் நீலக்கல்லும் இதன் நிறம் மாறிய வடிவங்களே. கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவையில் வைரத்துக்கு 10 என்றால் குருந்தத்துக்கு 9. எனவே சாணைக்கல் செய்ய மிகவும் ஏற்றது. ஆங்கிலத்தில் இக்கனிமத்துக்கு வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயர் நம்முடைய குருந்தம் என்ற சொல்லிலிருந்து போனதுதான் என்று ஆங்கில அகராதிகளே குறிப்பிடுகின்றன. தமிழ்ப் பெயர் கொண்ட கல்லைத் தேடித்தான் அந்த ஐவரும் மினசோட்டாவில் மண்வெட்டி எடுத்தார்கள்.

கிடைத்தது குருந்தம் அன்று. அனார்த்தோசைட் என்ற வேறொரு பாறை. அரைக்கவும் தேய்க்கவும் அது பயன்படாது, சீக்கிரம் மழுங்கிவிடும். இந்தப் பாறை நமக்கும் அந்நியமானது அன்று. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் அனார்த்தோசைட் பெருமளவில் இருக்கிறது. நிலவின் மேட்டு நிலங்களும் பெரும்பாலும் இந்தப் பாறையால் ஆனவை என்பதால், சந்திரயான்-2 திட்டத்தில் தரையிறங்கும் சோதனைக்கு நிலவின் மண்ணைப் போன்ற மண்ணை உருவாக்க இஸ்ரோ இங்கிருந்துதான் பாறை எடுத்தது. இதில் வேடிக்கை, சித்தம்பூண்டியில் அனார்த்தோசைட்டோடு உண்மையான குருந்தமும் சேர்ந்தே கிடைக்கிறது. அந்த ஐவருக்கு வாய்த்தது முதலாவது மட்டும்.

1904-இல் ஒரே ஒரு டன் கல் விற்றது. அதற்கு மேல் வாங்க ஆளில்லை. போதாததற்கு மின் உலையில் செய்யும் கார்போரண்டம் என்ற செயற்கைக் கல் அப்போது சந்தைக்கு வந்துவிட்டது. தங்கள் கல் எதுவென்பதை ஒரு நல்ல ஆய்வாளரிடம் கொடுத்து முதலிலேயே சோதிக்காததுதான் இத்தனைக்கும் காரணம். கருங்கல் மலைக்கும் கல்குவாரிக்கும் நடுவில் வாழும் எங்களூர்க்காரர்களுக்கு, கல்லை நம்பி முதல் போட்டவர்களின் அந்தக் கவலை எளிதாகப் புரியும்.

ஆலிவ் எண்ணெய் கற்பித்தது

கல் விற்க முடியாதவர்கள் 1905-இல் துலூத் நகருக்குப் போய், வேறிடங்களிலிருந்து கல் வாங்கி உப்புத்தாள் செய்யலானார்கள். எட்கர் ஓபர், லூசியஸ் ஆர்ட்வே என்ற இரு முதலீட்டாளர்கள் பணம் போட்டுக் கம்பெனியை மூழ்காமல் காத்தார்கள். 1910-இல் தொழிற்சாலை செயின்ட் பால் நகருக்கு மாறியது. பங்குதாரர்களுக்கு முதல் லாபப் பங்கு கிடைத்தது 1916-இல், அதாவது தொடங்கிப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு. அதுவும் ஒரு பங்குக்கு 6 சென்ட்.

இதற்கிடையே 1907-இல் வில்லியம் மெக்நைட் என்ற இளைஞர் உதவிக் கணக்கராக வேலைக்குச் சேர்ந்தார். பண்ணைக் குடும்பத்துப் பிள்ளை. பிற்காலத்தில் நிறுவனத்தின் தலைவராகி, 1966 வரை அதை நடத்தியவர் இவரே. இவர் பொறுப்பேற்ற புதிதில் ஒரு சோதனை வந்தது. வாடிக்கையாளர்கள் உப்புத்தாளைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். தேய்க்கத் தொடங்கியதும் கற்பொடி தாளைவிட்டு உதிர்ந்துவிடுகிறது என்று புகார்.

பசையில் குறையா, தாளில் குறையா என்று தேடினார்கள். இரண்டும் சரியாகவே இருந்தன. கடைசியில் ஸ்பெயினிலிருந்து வந்த கார்னெட் கல்லின் பொடியைத் தண்ணீரில் போட்டபோது மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தது. விசாரித்தபோது உண்மை வெளிவந்தது. கப்பலில் அந்த மூட்டைகளோடு ஆலிவ் எண்ணெய்ப் பீப்பாய்களும் ஏற்றப்பட்டிருந்தன. கடல் கொந்தளிப்பில் பீப்பாய்கள் உடைந்து கல்லில் எண்ணெய் ஊறிவிட்டது. எண்ணெய் பட்ட பரப்பில் பசை பிடிக்காது. கல்லை வறுத்து எண்ணெயைப் போக்கி ஓரளவு சமாளித்தார்கள். ஆனால் வாங்கும் பொருளைச் சோதிக்காமல் இனி உற்பத்தியில் போடக்கூடாது என்று மெக்நைட் முடிவு செய்தார். 1916-இல் ஒரு சின்ன அறையில் முதல் ஆய்வுக்கூடம் அமைந்தது. முதல் தவறான கல்லுக்கும் இரண்டாவது தவறான கல்லுக்கும் நடுவில் பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. பாடம் மெதுவாகத்தான் ஏறியது.

அடுத்து 1921-இல் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கக்கூடிய உப்புத்தாள் வந்தது. ஃபிரான்சிஸ் ஓகி என்ற மை தயாரிப்பாளர் கண்டுபிடித்த முறையை விலைக்கு வாங்கிச் செய்தது அது. இன்றும் நம் ஊர்ப் பட்டறைகளில் 'வாட்டர் பேப்பர்' என்று கேட்டு வாங்குவது இந்த வகையைத்தான். உலர்ந்த தாளால் தேய்க்கும்போது பெயின்ட் தூசி பறந்து தொழிலாளியின் நுரையீரலுக்குப் போகும். நனைத்துத் தேய்த்தால் தூசி அடங்கும். கார் பெயின்ட் பட்டறைகள் இதை விரும்பி வாங்கின. அப்படித்தான் 3எம் ஆட்கள் கார் பட்டறைகளுக்குள் போகலானார்கள்.

பாஞ்சோ வாசித்த ஆய்வக உதவியாளர்

ரிச்சர்ட் ட்ரூ 1899-இல் செயின்ட் பாலில் பிறந்தவர். நடன அரங்குகளில் பாஞ்சோ என்னும் நரம்பிசைக் கருவி வாசித்துச் சம்பாதித்தார். பொறியியல் படிக்கச் சேர்ந்து முடிக்காமல் விட்டவர். 1921-இல் ஆய்வக உதவியாளராக 3எம்மில் சேர்ந்தார். புதிய உப்புத்தாளைப் பட்டறைகளுக்குக் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்ப்பது அவர் வேலைகளில் ஒன்று.

அந்நாளில் இரு வண்ணக் கார்கள் நாகரிகம். ஒரு வண்ணத்தை அடித்து உலரவைத்து, அந்தப் பகுதியைத் தாளால் மூடி ஓரத்தை ஒட்டிவிட்டு அடுத்த வண்ணத்தை அடிக்க வேண்டும். ஒட்டுவதற்கு மருத்துவமனைப் பிளாஸ்திரியையும் வஜ்ஜிரப் பசையையும் பயன்படுத்தினார்கள். கடைசியில் தாளை உரிக்கும்போது புதிய பெயின்ட்டும் சேர்ந்து உரிந்து வந்துவிடும். பெயின்டர் வாயில் வராத வசவு வரும். அப்படிப்பட்ட வசவைக் கேட்டுக்கொண்டிருந்த ட்ரூ, பெயின்ட்டைப் பெயர்க்காத ஒரு நாடாவை நான் செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அவருக்குப் பசையைப் பற்றி அப்போது பெரிதாக ஒன்றும் தெரியாது. அவருடைய கம்பெனி நாடா எதுவும் செய்ததும் இல்லை.

ஆனால் ஒன்று தெரிந்திருந்தது. உப்புத்தாள் என்பது தாள், அதன்மேல் பசை, அதன்மேல் கல். கல்லைத் தூவாமல் நிறுத்தினால் மிஞ்சுவது பசை தடவிய தாள்தானே. இரண்டு ஆண்டு உழைத்தார். தாவர எண்ணெய், பிசின், கிளிசரின், தச்சர் பசை என்று பலவற்றைக் கலந்து பார்த்தார். பசை சரியானால் தாள் கிழிந்தது, தாள் சரியானால் பசை உலர்ந்துபோனது. இதை விட்டுவிட்டு உப்புத்தாள் வேலையைப் பார் என்று மெக்நைட்டே சொன்னார். ட்ரூ சில நாள் அப்படியே செய்தார். பிறகு சுருக்கம் வைத்த க்ரேப் தாளைக் கையில் எடுத்ததும் ஆசை மீண்டும் பிடித்துக்கொண்டது. சுருக்கம் இருப்பதால் தாள் இழுபடும், வளைவுகளில் படியும். மீண்டும் நாடா வேலையில் இறங்கினார். மெக்நைட் அதைப் பார்த்தும் பாராதது போல் இருந்துவிட்டார்.

தாள் செய்யும் இயந்திரத்துக்குப் பணம் கேட்டபோது மறுக்கப்பட்டது. மேலதிகாரியின் கையெழுத்து இல்லாமல் 100 டாலர் வரை வாங்க ட்ரூவுக்கு அனுமதி இருந்ததாம். 99 டாலருக்குப் பல சீட்டுகள் எழுதி இயந்திரத்தைத் துண்டு துண்டாக வாங்கிவிட்டார் என்பது அந்த நிறுவனத்தில் இன்றும் சொல்லப்படும் கதை. அரசு அலுவலகமாக இருந்தால் அவருக்கு நிச்சயம் ஒரு மெமோ கிடைத்திருக்கும்.

1925-இல் மாஸ்கிங் டேப் பிறந்தது. நம் பெயின்டர்கள் கண்ணாடி ஓரத்திலும் ஜன்னல் சட்டத்திலும் ஒட்டும், வெளிர்ப் பழுப்பு நிறத்தில் சொரசொரவென்றிருக்கும் டேப் அதுதான்.

ஒட்டுநாடாவைக் கண்டுபிடித்தவர் ட்ரூ என்று பல இடங்களில் எழுதியிருப்பதை மாணவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ரப்பர் கலந்த பசையைத் துணியில் தடவிக் காயத்துக்கு ஒட்டும் முறைக்கு 1845-லேயே ஹொரேஸ் டே என்ற அமெரிக்க மருத்துவர் காப்புரிமை பெற்றிருந்தார். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பால் பையர்ஸ்டார்ஃப் என்ற மருந்துக் கடைக்காரர் 1882-இல் மருந்துப் பிளாஸ்திரிக்கு உரிமை பெற்றார். அவருடைய கம்பெனியை வாங்கிய ஆஸ்கர் ட்ரோப்ளோவிட்ஸ் காலத்தில் செய்த ஒரு பிளாஸ்திரி தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதை 1896-இல் 'சிட்டோ' என்ற பெயரில் சைக்கிள் டயருக்குப் பங்சர் ஒட்ட விற்றார்கள். உடம்புக்கு அல்லாமல் தொழிலுக்கென்று விற்ற முதல் ஒட்டுநாடா அதுவே எனலாம். ட்ரூ செய்தது வேறு. ஒட்ட வேண்டும், ஆனால் கேட்டபோது விட்டுவிட வேண்டும் என்ற இரண்டையும் ஒரே நாடாவில் சேர்த்தார். ஒட்டுவதைவிட விடுவது கடினமான வேலை.

கஞ்சத்தனம் தந்த பெயர்

முதலில் செய்த நாடா இரண்டு அங்குல அகலம். ஓரங்களில் மட்டும் பசை. அதை ஒட்டிப் பார்த்த ஒரு பெயின்டர் கோபப்பட்டு, இதை உங்கள் 'ஸ்காட்ச்' முதலாளியிடம் கொண்டுபோய் இன்னும் கொஞ்சம் பசை தடவச் சொல்லுங்கள் என்றாராம். ஸ்காட்லாந்துக்காரர்கள் கஞ்சர்கள் என்ற ஏளனம் அன்றைய அமெரிக்காவில் சாதாரணம். ஓர் இனத்தைக் கேலி செய்த சொல்லையே கம்பெனி வணிகப் பெயராக்கிக்கொண்டது. இன்றும் அமெரிக்காவில் ஒட்டுநாடா என்றால் 'ஸ்காட்ச் டேப்'.

நாம் சொல்லும் 'செலோடேப்' வேறு வழியில் வந்தது. 1937-இல் இங்கிலாந்தில் தொடங்கிய 'செலோடேப்' கம்பெனியின் பெயர் அது. ஆங்கிலேயர் ஆண்ட நாட்டில் அவர்கள் கடைப்பெயர் பொதுப்பெயராக நின்றுவிட்டது. நகலெடுப்பதை 'ஜெராக்ஸ்' என்பது போலத்தான்.

கண்ணாடி போன்ற நாடா

செலோஃபேன் என்ற மெல்லிய ஒளிபுகும் தாளை சுவிட்சர்லாந்தின் ஜாக் பிராண்டன்பெர்கர் உருவாக்கினார். அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனி ஈரம் புகாத செலோஃபேனைக் கொண்டுவந்ததும் ரொட்டி, மிட்டாய், இறைச்சி எல்லாம் அதில் சுற்றி விற்பனைக்கு வந்தன. சுற்றிய தாளை ஒட்டுவதற்கு அதே போல் கண்ணுக்குத் தெரியாத நாடா வேண்டும். 1929-இல் ட்ரூ அதில் இறங்கினார்.

செலோஃபேன் வெப்பத்தில் சுருளும், இயந்திரத்தில் இழுத்தால் கிழியும், பசை சீராகப் பரவாது. பசையின் நிறமே பழுப்பு என்பதால் ஒளிபுகும் தாளில் அது அசிங்கமாகத் தெரிந்தது. தாளுக்கும் பசைக்கும் இடையில் இரண்டையும் பிடித்து வைக்கும் ஓர் அடிப்பூச்சு கொடுத்தும், ரப்பரோடு நிறமற்ற பிசின்களைக் கலந்தும் வழி கண்டார். 1930 செப்டம்பர் 8 அன்று முதல் சுருள் சோதனைக்காகச் சிகாகோவில் ஒரு கம்பெனிக்கு அனுப்பப்பட்டது.

நேரம் மோசமானது. 1929 இறுதியில் பங்குச் சந்தை சரிந்து, அமெரிக்கா பெரும் பொருளாதாரச் சரிவில் விழுந்திருந்தது. அதோடு செலோஃபேனை வெப்பத்தாலேயே ஒட்டும் முறையும் வந்துவிட்டது. எதற்காகச் செய்தார்களோ அந்த வேலைக்கே நாடா தேவைப்படாமல் போயிற்று. ஆனால் கையில் காசில்லாத மக்கள் அதற்கு ஆயிரம் வேலை கண்டுபிடித்தார்கள். கிழிந்த புத்தகம், கிழிந்த நோட்டு, உடைந்த பொம்மை, விரிசல் விட்ட ஜன்னல் திரை எல்லாவற்றையும் ஒட்டினார்கள். புதிது வாங்க முடியாத காலத்தில் பழையதைக் காப்பாற்றும் பொருளாக அது விற்றது. சுருளின் நுனியைத் தேடி நகத்தால் சுரண்டும் தொல்லையைத் தீர்க்க, விற்பனை மேலாளர் ஜான் போர்டன் 1932-இல் வெட்டும் பல் வைத்த தாங்கியைச் செய்தார். ஒரு கடைக்காரரின் மேசையில் வாழ்நாளெல்லாம் இருக்கும் அந்தத் தாங்கிக்கு, நாடாவின் வெற்றியில் பாதிப் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

நாடா எப்படி ஒட்டுகிறது?

பண்ருட்டிப் பலாப்பழம் அறுத்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பலாப்பால் கையில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். கையிலும் கத்தியிலும் முன்கூட்டியே எண்ணெய் தடவிக்கொண்டால் ஒட்டாது. ஒட்டுநாடாவில் இந்த இரண்டு தந்திரமும் சேர்ந்தே இருக்கின்றன. ஒரு பக்கம் பசை. மறுபக்கம் பசை ஒட்டாதபடி ஒரு வழுக்கும் பூச்சு. அது இல்லாவிட்டால் சுருளாகச் சுற்றியதும் நாடா முழுவதும் ஒரே கட்டியாகிவிடும்.

கோந்தும் மைதாப் பசையும் ஈரத்தில் ஒட்டி, உலர்ந்து இறுகிப் பிடிப்பவை. பங்சர் ஒட்டும் சொல்யூஷனும் அதன் கரைப்பான் ஆவியாக வேண்டும். நாடாவின் பசை உலர்வதே இல்லை. அழுத்தினால் திரவம் போல இளகி, பரப்பிலுள்ள நுண்ணிய மேடு பள்ளங்களில் புகுந்துவிடும். சட்டென்று இழுத்தால் திடப்பொருள் போல எதிர்க்கும். இதனால்தான் இதற்கு 'அழுத்த உணர்வுப் பசை' என்று பெயர். மிகவும் மென்மையாக இருந்தால் உரிக்கும்போது பசை பரப்பிலேயே தங்கிவிடும். கடினமாக இருந்தால் ஒட்டவே ஒட்டாது. எவ்வளவு மென்மை வேண்டும் என்ற எல்லையைக் கணக்கிட்டுச் சொன்னவர் கார்ல் டால்குவிஸ்ட். அவரும் 3எம் ஆய்வகத்துக்காரர். அந்த அளவுகோலை இத்துறையில் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள்.

போர்க்காலமும் அதன் பிறகும்

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மலேயாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்கு இயற்கை ரப்பர் வரத்து அடைபட்டது. பசைத் தொழில் செயற்கை ரப்பருக்கு மாற வேண்டியதாயிற்று.

இக்காலத்துச் செய்தி ஒன்று 3எம்மைச் சேர்ந்தது அன்று என்றாலும் சொல்லாமல் விட மனமில்லை. இல்லினாய் மாநிலத்து வெடிமருந்துத் தொழிற்சாலை ஒன்றில் வெஸ்டா ஸ்டவுட் என்ற பெண் பெட்டிகளைச் சோதித்து வந்தார். அவருடைய மகன்கள் இருவர் கடற்படையில் இருந்தார்கள். தோட்டாப் பெட்டிகளைக் காகித நாடாவால் ஒட்டி மெழுகில் தோய்த்து அனுப்பினார்கள். திறக்க இழுக்கும் நுனி பிய்ந்துவிடும். போர்க்களத்தில் எதிரி சுடும்போது பெட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தால் சிப்பாய் என்ன ஆவான்? துணியாலான நீர்புகா நாடா வேண்டும் என்று மேலதிகாரிகளிடம் சொன்னார். நடக்கவில்லை. 1943 பிப்ரவரியில் படம் வரைந்து குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்டுக்கே கடிதம் எழுதிவிட்டார். யோசனை ஏற்கப்பட்டு, ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி அதைத் தயாரித்தது. இன்று 'டக்ட் டேப்' எனப்படுவதன் தொடக்கம் இது. அக்கம்பெனியின் தொழில்துறை நாடாப் பிரிவுக்கு 'பெர்மாசெல்' என்று பெயர். 1760-இல் எங்கள் மலைக்கோட்டையைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்த ஆங்கிலேயர் பெருமுக்கல்லை 'பெர்மாகாயில்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். முதன்முதலில் அந்த நாடாவின் பெயரைப் படித்தபோது எனக்கு ஊர் நினைவுதான் வந்தது.

1946-இல் 3எம் ஆய்வாளர்கள் வினைல் பிளாஸ்டிக்கில் மின்காப்பு நாடா செய்தார்கள். அதுவரை வயரைச் சுற்றியது தார் போன்ற பசை ஊறிய பருத்தி நாடா. எலக்ட்ரீஷியன் சட்டைப்பையில் இன்று தவறாமல் இருக்கும் இன்சுலேஷன் டேப் வினைல் நாடாவே. 1947-இல் ஒலிப்பதிவு நாடா வந்தது. அதில் ஒட்டுவது ஒன்றுமில்லை என்றாலும், நாடாவின்மேல் சீராக ஒரு பூச்சைப் பூசும் பழைய உப்புத்தாள் வித்தையே அங்கும் பயன்பட்டது. 1980-இல் இரண்டு பொருள்கள் வந்தன. ஒன்று எல்லோருக்கும் தெரிந்த போஸ்ட்-இட் தாள். 1968-இல் ஸ்பென்சர் சில்வர் செய்து, எதற்கும் பயன்படாது என்று கிடந்த பலவீனமான பசையிலிருந்து வந்தது அது. மற்றொன்று அதிகம் பேசப்படாதது: அக்ரிலிக் நுரையாலான இருபக்க நாடா. ஆணியும் ரிவெட்டும் இல்லாமல் உலோகத் தகட்டைச் சட்டத்தோடு பிடித்து வைக்கும் வலிமை உடையது. கட்டடங்களின் வெளிப்புறப் பலகைகளும் வண்டிகளின் பக்கத் தகடுகளும் இவ்வகை நாடாவால் ஒட்டப்படுகின்றன. தொழில்துறை ஒட்டுநாடா என்று சொன்னால் இன்று முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான்.

இந்தியாவில் 1987-இல் 'பிர்லா 3எம்' என்ற பெயரில் கூட்டுக் கம்பெனியாகப் பதிவாகி, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு தொழில் தொடங்கியது. 2002-இல் 3எம் இந்தியா ஆனது. அதற்கு வெகு முன்னரே, 1959-இல், பல்வந்த் பாரேக் ஃபெவிகால் பசையைக் கொண்டுவந்து தச்சர்களின் வஜ்ஜிரப் பசைச் சட்டியை அணைத்துவிட்டார். அவருடைய பிடிலைட் கம்பெனியின் ஸ்டீல்கிரிப் இன்சுலேஷன் டேப்பைக் கிராமத்துக் கடையிலும் வாங்கலாம். இந்திய மின்பணியாளர் கையில் அதிகம் புழங்குவது வெளிநாட்டுச் சுருள் அன்று.

ஒட்டியதும் கெடுத்ததும்

என் அனுபவம் ஒன்று இங்கே பொருந்தும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான் பணியாற்றிய பள்ளியில் மாணவர் சேர்க்கைப் பதிவேடு தாள் தாளாகப் பிரிந்து கிடந்தது. என் கைக்காசில் செலோடேப் வாங்கி, கிழிசல்கள்மேல் வரிசையாக ஒட்டினேன். தலைமையாசிரியர் பாராட்டினார். முப்பது ஆண்டு கழித்து, ஓய்வூதியக் கணக்குக்காகப் பிறந்த தேதிச் சான்று கேட்டு ஒரு பழைய மாணவர் வந்தார். பதிவேட்டை எடுத்தோம். நாடாவின் மேல்தாள் காய்ந்து தானாக உதிர்ந்திருந்தது. அதனடியில் பசை எண்ணெய்க் கறை போலத் தாளில் ஊறி, பழுப்பாகி, மை கரைந்து பரவியிருந்தது. அவருடைய பெயர் தெளிவாக இருந்தது, தேதி இல்லை. "பரவாயில்லை சார்" என்றார் அவர். அதற்காக அவர் எத்தனை அலுவலகம் ஏறி இறங்கினார் என்பது எனக்குத் தெரியும். ஒட்டியது நான்தான் என்று அன்று அவரிடம் நான் சொல்லவில்லை.

இது என் ஒருவன் தவறு மட்டும் அன்று. 1950-களில் சாக்கடல் சுருள்களின் துண்டுகளை எருசலேமில் அறிஞர்கள் செலோடேப்பால் ஒட்டிச் சேர்த்தார்கள். இரண்டாயிரம் ஆண்டு தாங்கிய தோலேடுகளில் சில பத்தாண்டுகளில் கறை இறங்கிவிட்டது. அந்தப் பசையை அகற்றும் வேலைக்கென்றே 1991 முதல் ஒரு பாதுகாப்பு ஆய்வகம் இயங்குகிறது. ரப்பர் பசை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சிதைவதே காரணம். 3எம் 1961-இல் கொண்டுவந்த 'மேஜிக்' நாடாவில் தாள் அசிட்டேட்டாகவும் பசை அக்ரிலிக்காகவும் மாறியதால் மஞ்சளாவது குறைந்தது. ஆனாலும் வீட்டுப் பத்திரம், பழைய ஏடு, தாத்தாவின் கடிதம் எதிலும் எந்த நாடாவையும் ஒட்டாதீர்கள். மெல்லிய ஜப்பானியத் தாளும் மாவுப் பசையும் கொண்டுதான் ஆவணக் காப்பாளர்கள் ஒட்டுகிறார்கள். தண்ணீர் பட்டால் அது மீண்டும் பிரிந்து வரும்.

அறிவியலுக்கு நாடா செய்த நன்மையையும் குறிப்பிட வேண்டும். 2004-இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டான்டின் நோவோசெலோவ் இருவரும் பென்சிலில் உள்ள கிராஃபைட்டின்மேல் ஒட்டுநாடாவை ஒட்டி ஒட்டி உரித்து, ஓர் அணு தடிமனுள்ள கிராஃபீனைப் பிரித்தெடுத்தார்கள். 2010-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கிணற்றில் கலந்தது

நிறுவனத்தின் வெற்றிக்கதையை எழுதுபவர்கள் பெரும்பாலும் போஸ்ட்-இட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். ட்ரூவும் மெக்நைட்டும் உண்மை மனிதர்கள், அவர்கள் செய்தது உண்மைச் சாதனை. அதே நிறுவனம் 1950-களிலிருந்து ஃபுளோரின் கலந்த ஒருவகை வேதிப்பொருள்களைத் தயாரித்து வந்ததும் உண்மை. துணியில் கறை படியாமலும் தண்ணீர் ஒட்டாமலும் காப்பவை அவை. ஒட்டவைப்பதில் பேர் வாங்கியவர்கள் ஒட்டாமல் செய்வதிலும் வல்லவர்களானார்கள். ஆனால் இப்பொருள்கள் இயற்கையில் எளிதில் சிதைவதில்லை; மண்ணிலும் நீரிலும் மனித இரத்தத்திலும் தங்குகின்றன. அதனால் இவற்றுக்கு 'என்றும் அழியா வேதிப்பொருள்கள்' என்ற பெயரே வந்துவிட்டது. வாங்கிய கல்லில் ஒரு துளி எண்ணெய் இருந்ததைக் கண்டுபிடித்துப் பாடம் கற்ற நிறுவனம், தான் வெளியே கொட்டிய கழிவை அதே கண்ணோடு பார்க்கவில்லை.

செயின்ட் பாலுக்கு அருகே காட்டேஜ் குரோவ் ஆலையின் கழிவு புதைக்கப்பட்ட இடங்களிலிருந்து சுற்றுப்புற ஊர்களின் நிலத்தடி நீரில் இவை கலந்தன. கடலோரத்தில் வாழும் எங்களுக்கு, குடிநீர்க் கிணற்றில் உப்பு ஏறிவிட்டால் என்ன பாடு என்று தெரியும். உப்பு நாக்கில் தெரியும், இது தெரியாது. 2000-ஆம் ஆண்டு இவற்றில் முக்கியமான ஒன்றின் தயாரிப்பைக் கைவிடுவதாக 3எம் அறிவித்தது. மினசோட்டா மாநில அரசு 2010-இல் வழக்குத் தொடுத்தது. 2018-இல் 850 மில்லியன் டாலருக்கு வழக்கு முடிந்தது. 2023-இல் அமெரிக்கா முழுவதுமுள்ள பொதுக் குடிநீர் அமைப்புகளுக்குப் பல ஆண்டுகளில் 10.3 பில்லியன் டாலர் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. தவறு எதையும் ஒப்புக்கொண்டதாக ஆகாது என்ற குறிப்போடு அந்த உடன்பாடு செய்யப்பட்டது. 2025 இறுதிக்குள் இவ்வகைப் பொருள்களின் தயாரிப்பை முற்றிலும் நிறுத்துவதாக 2022 டிசம்பரில் அது அறிவித்திருந்தது.

டூ ஹார்பர்ஸில் ஐவரும் கையெழுத்திட்ட ட்வானின் அலுவலகம் பிற்காலத்தில் அருங்காட்சியகமாயிற்று. செயின்ட் பாலின் கிழக்குப் புறநகர் ஊர்களில், மாநில அரசு பெற்ற அந்த இழப்பீட்டுப் பணத்தைக் கொண்டு குடிநீர்ச் சுத்திகரிப்பு வேலைகள் நடந்துவருகின்றன.